தழும்பு எந்தப் பக்கம்?

"இதென்ன பழைய வெட்டு, அண்ணை? முந்தியும் ஒப்பரேஷன் செய்தனீங்களோ?"

"ஆமாங்க டொக்டர். கொழும்புல கட்டட வேல பாத்தேன். மேல கட்டியிருந்த சாரத்துலேருந்து விழுந்துட்டேன். இரும்பு ஒண்ணு குத்திருச்சு."

"எப்ப?"

"ரெண்டாயிரத்துல."

"இரும்போ?"

"இரும்புதாங்க."

ஏழு மாதத்துக்கு முன் பதுளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தயாபரன் சொன்ன பதில் இது. வயிறு வீங்கி, உதடு வெளுத்து, இன்னும் அரை மணி நேரத்தில் கத்தி வைத்தாக வேண்டும் என்ற நிலையிலும் அந்தப் பொய்யை அவன் தடுமாறாமல் சொன்னான். டாக்டர் தர்மிளா யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதைத் தாண்டியிருக்காது. சொன்னதை அப்படியே கட்டில் டிக்கட் எனும் நோயாளி அட்டையில் எழுதிக்கொண்டாள். திரைக்கு வெளியே சுடுதண்ணீர்ப் போத்தலோடு நின்ற அவன் மனைவி சிவசக்திக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வரவில்லை. இருபத்தைந்து வருடமாக மூடியே பழகிய வாய் அது.

இப்போது அந்த ஒரு வரிதான் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

தயாபரன் விழவில்லை. கொழும்பில் கட்டட வேலையும் பார்க்கவில்லை. அவன் இலங்கை ஆமியில் சிப்பாயாக இருந்தவன். கனரக லைசன்ஸ் எடுத்துவிட்டு வேலையில்லாமல் பசறைச் சந்தியில் நின்ற காலத்தில், கூட்டாளி ஒருவனோடு போய்ச் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் தண்ணீர் பவுசர் ஓட்டினான். வீடிருந்த தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொல்ல முடியுமா? சண்டை நடந்த காலம். தமிழ்ப் பையன்களைச் சோதனைச் சாவடியில் இறக்கி நிற்க வைத்த காலம். 'நம்ம புள்ள ஒருத்தன் அந்தச் சட்டயப் போட்டுக்கிட்டு நிக்கிறான்' என்று லயத்து வரிசை வீடுகளுக்குத் தெரிந்தால், அவனுடைய ஆத்தாள் எல்லாரும் கூடும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போக முடியாது. முகாமிலோ அவன் என்றைக்கும் 'தெமள', தமிழன்தான். அதனால் கொழும்பு, கட்டடம், மேஸ்திரி என்று ஒரு கதை. லீவில் வரும்போது உடுப்பை மாற்றிக்கொண்டு, இரண்டு பொட்டலம் தொதல் இனிப்போடு இறங்குவான். லயத்தில் அவனுக்குக் 'கொழும்பு மாப்புள' என்றே பெயர் விழுந்துவிட்டது.

கலியாணத்துக்கு முன்பே, தோட்டத்தில் சிவசக்தியிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். சொல்லிவிட்டு, "வேணாம்னா இப்பவே சொல்லிரு" என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து பொய்க்கு இரண்டு பேர் காவல்.

இரண்டாயிரத்தாம் ஆண்டு வடக்கில் பவுசருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. வயிற்றில் துண்டுகள் பாய்ந்தன. குடலில் ஒரு பகுதியை வெட்டித் தைத்தார்கள். ஆறிய பிறகு திரும்பவும் வண்டி ஓட்டினான். விலகி வந்த பின்னால் வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றும் லொறி ஓட்டினான். பழைய தையலால் உள்ளே ஒட்டிக்கிடந்த குடல், இருபத்துநான்கு வருடம் பொறுத்துவிட்டு, போன மாசியில் முறுக்கிக்கொண்டது. மறுபடியும் வெட்டு. இந்தத் தடவை வயிற்றுக்கு வெளியே, மலம் இறங்க ஒரு பை. லொறி ஓட்டம் அத்தோடு நின்றது.

ஆமி தரும் ஊனக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தார்கள். சேவை செய்ததற்கு அத்தாட்சி இருந்தது. காயப்பட்டதற்கான தாள்தான் கோப்பில் இல்லை. அந்த வருடத்துப் பெட்டிகளில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். கேட்ட ஆஸ்பத்திரி அறிக்கையிலோ 'சாரத்திலிருந்து விழுந்து ஏற்பட்ட பழைய காயம்' என்று தர்மிளாவின் கையெழுத்து. திரும்பி வந்த கடிதத்தைத் தயாபரன் சிங்களத்தில் வாசித்துத் தமிழில் சொன்னான். காயம் சேவையில் பட்டதென்று காட்டும் பழைய ஆதாரம் ஏதாவது, திருத்தமான வைத்திய அறிக்கை, அந்தக் காலத்திலிருந்தே அவனை அறிந்த, தழும்பைக் கண்ணால் கண்ட ஒருவரின் சத்தியக் கடதாசி. மூன்றும் இருபதாம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் மூடப்படும்.

"விட்டுரு சக்தி," என்றான். "கேட்டுல வாச்சர் வேல ஒண்ணு இருக்காம். ஒக்காந்துக்கிட்டே பாக்கலாம்."

"வேல செய்ய மனசிருக்கு, சரி. பைய வச்சிக்கிட்டு ராப்பூரா ஒக்காருவீங்களா?"

"பொய் சொன்னது நானு. அதுக்கு நான்தானே அனுபவிக்கணும்."

"நானும்தான் வாய மூடிக்கிட்டு நின்னேன். அப்ப பாதி என்னோடது," என்று சொல்லிவிட்டு அவள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மலையில் கொழுந்து கிள்ளும் கை பாட்டுக்குக் கிள்ளும், மனசு பாட்டுக்கு அலையும். மூன்றாம் நாள் பின்னேரம் அவளுக்கு மொஹிதீன் நானாவின் ஞாபகம் வந்தது.

தோட்டத்துக்கு வரும் தபால் யார் வீட்டுக்கும் நேராக வராது. கட்டாக ஆபீசுக்கு வரும். கணக்கப்பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆமி முத்திரை குத்திய உறை அங்கே வந்தால் கதை முடிந்தது. அதனால் தயாபரன் கடிதங்களைப் பதுளைக் கடைத்தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த மொஹிதீனின் முகவரிக்கு அனுப்புவான். அவர் உறையைப் பிரித்து, கடிதத்தைத் தன் கடை உறையில் போட்டு, தன் கையாலேயே 'சிவசக்தி, மேல்கணக்கு லயம்' என்று எழுதித் தபாலில் சேர்ப்பார். 'ஹார்ட்வெயார் கடையிலேருந்து ஒனக்கு மாசா மாசம் என்னடி கடுதாசி, ஆணி வாங்குறியா?' என்று பக்கத்து வீட்டு அங்கம்மா கேட்டுச் சிரித்ததெல்லாம் உண்டு.

கடிதங்கள் சிவசக்தியிடம் இருந்தன. ஆனால் அவற்றில் 'சுகம், சுகமறிய ஆவல், மழையா அங்க' என்பதைத் தவிர எதுவும் கிடையாது. ஊர் பேர் கூட எழுதமாட்டான். உறைகளை அவர் என்ன செய்தார்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். மொஹிதீனுக்கு எண்பது நெருங்கியிருந்தது. கல்லாவில் மகன் றிஸாத். கிழவர் ஓரத்துக் கதிரையில்.

"கொழும்பு மாப்புளட பொண்டாட்டி தானே?" என்றார் எடுத்த எடுப்பிலே. "புள்ள, அவன் சுகமா ஈக்கானா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். உறைகள் என்றதும் கிழவர் மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான்.

"தங்கச்சி, இந்தக் கடையில ஒரு கடதாசியும் வெளிய போறல்ல," என்றான் றிஸாத். "பில்லு, ரசீது, கலியாணக் காட், லைட் பில், எல்லாத்தயும் கம்பியில குத்தி வெப்பாரு. கம்பி நெறஞ்சா வருசத்த எழுதி மேல தொங்கப் போடுவாரு. மேல எலி, கரப்பான், எங்க வாப்பாட வியாபாரம், மூணும்தான் ஈக்கி. எரிச்சுப் போடுவம்னு பத்து வருசமா சொல்றன்."

"எரிச்சியா?" என்றார் கிழவர்.

"நீங்க உட்டாத்தானே!"

"அப்ப ஏறு மேல."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். தும்மல் சத்தம் ஐந்து கேட்டது. இறங்கி வரும்போது தலைமயிரெல்லாம் ஒட்டடை, கையில் மாலை மாதிரி தொங்கிய மூன்று கம்பிகள். நீளக் கம்பியின் அடியில் வளைவு, மேலே கொக்கி, நடுவே பழுப்பேறிய கடதாசி அடுக்கு. கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிமெந்துப் பில்லுகளையும் கூரைத்தகட்டு ரசீதுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். இரண்டாயிரத்தாம் வருடத்துக் கம்பியில், மே மாதத்தில் முதல் உறை வந்தது. பிறகு ஜூனில் இரண்டு. ஜூலையில் ஒன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பி போட்ட ஓட்டை. ஆனால் மூலையில் இராணுவ ஆஸ்பத்திரியின் முத்திரையும் திகதியும் கண்ணாடி மாதிரித் தெரிந்தன. பின்பக்கம் தயாபரனின் கையெழுத்தில் அவன் இலக்கமும், வார்டு எண்ணும்.

சிவசக்தி அந்த நான்கு உறைகளையும் சேலை முந்தானையில் வைத்துப் பார்த்தாள். அந்த மே மாதம் தனக்கு வந்த கடிதம் நினைவிருந்தது. 'வேலை கொஞ்சம் கூட, அதனால் லீவு பிந்தும்' என்று எழுதியிருந்தான். இந்த உறைக்குள்தான் அந்த வரி இருந்திருக்கிறது.

"ஆஸ்பத்திரி முத்திர எண்டு நான் கண்டன் புள்ள," என்றார் மொஹிதீன் தணிந்த குரலில். "ஒனக்குச் சொல்லிருக்கோணும். அவன் சொல்ல வேணாம் எண்டு எழுதியிருந்தான்."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன் நானா? அழுதிருப்பேன். லயமே கேட்டிருக்கும்," என்று சிரிக்கப் பார்த்தாள்.

கணக்குத் தீர்க்க முடியாத உதவி என்று ஒன்று உண்டல்லவா? கிழவர் கூடவே ஒரு பிளாஸ்டிக் உறையும் கொடுத்து, மழை படாமல் கொண்டுபோகச் சொன்னார்.

ஒன்று கிடைத்துவிட்டது. இரண்டாவது, டாக்டர்.

கிளினிக் நாளில் தயாபரனை எழுப்பிக் கிளப்புவதே பெரும்பாடாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே பதுளை வரை வந்தான். கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் தொடங்கினான்.

"நம்ம நம்பரு நாப்பத்தொண்ணு. பத்தரை பஸ்ஸ விட்டா ரெண்டு மணிக்குத்தான்."

"ரெண்டு மணிக்குப் போவோம்."

"அந்தப் புள்ள யாழ்ப்பாணம், சக்தி. நான் எங்க நின்னு அடிபட்டேன்னு ஒனக்குத் தெரியும். என் வயித்தத் தொறந்து உசிரக் குடுத்த புள்ளகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றது?"

"இருக்குற மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான். வேற மூஞ்சி ஏது?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்குமென்று அடக்கிக்கொண்டான். நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள்.

தர்மிளா தையலைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், 'நல்லா ஆறியிருக்கு' என்றாள். கிளினிக் கொப்பியில் எழுதத் தொடங்கினாள். சிவசக்தி திரைக்கு வெளியே நின்றாள். எப்போதும் அங்கேதான் அவளுடைய இடம். சொல்லாமலே எழுந்து வந்துவிடுவான் என்றே நினைத்தாள்.

"டொக்டர், நான் ஒங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

பேனாச் சத்தம் நின்றது.

"நான் சாரத்துலேருந்து விழல. நான் ஆமில இருந்தவன். தண்ணி பவுசர் ஓட்டுனேன். ஷெல்லு விழுந்து பட்டது. ஒங்க ஊருப் பக்கம். கொடிகாமம்."

பக்கத்து அறையில் யாரோ நம்பர் கூப்பிட்டார்கள்.

"எங்கட மாமான்ர வீடு அங்கைதான் இருந்தது," என்றாள் தர்மிளா. "இப்ப இல்லை."

"நான் சுடல டொக்டர். தண்ணிதான்…"

"நான் அதைக் கேக்கேல்லை, அண்ணை." குரல் கடுமையாகவும் இல்லை, கனிவாகவும் இல்லை. "அதைப் பற்றி யோசிக்க எனக்கு வீட்டை நேரமிருக்கு. இங்கை நான் பாக்கிறது வயிறு. வயித்துக்குள்ளை ஆர் எந்தச் சட்டை போட்டவை எண்டு எழுதியிருக்கேல்லை."

பிறகு கதிரையை இழுக்கும் சத்தம்.

"விழுந்து இரும்பு குத்தினா ஒரு இடத்திலைதான் காயமிருக்கும். உங்களுக்கு உள்ளுக்கை நாலு இடத்திலை பழைய தையல். எனக்கு அண்டைக்கே சந்தேகம். ஆனா நோயாளி சொல்லுறதைத்தானே நான் எழுதலாம். டிக்கட்டிலை எழுதினதை இனி அழிக்கேலாது. இண்டைக்கு நீங்கள் சொன்னதைப் புதுசா எழுதி, ஒப்பரேஷனிலை நான் கண்டதையும் சேத்து அறிக்கை தாறன். முதல் ஏன் மாறிச் சொன்னனீங்கள் எண்டும் எழுதவேணும். எழுதட்டோ?"

"எழுதுங்க டொக்டர். பயந்து சொன்னேன்னு எழுதுங்க."

"ஆருக்குப் பயந்து?"

"அன்னைக்கு ஒங்களுக்குத்தான்."

திரைக்குள் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. அது டாக்டருடையதுதான். "இந்தப் பை கனகாலத்துக்கில்லை," என்றாள் எழுதிக்கொண்டே. "தைப்பொங்கல் கழிய வாங்கோ. மூடலாமோ எண்டு பாப்பம்."

வெளியே வந்தவன் சிவசக்தியிடம் அறிக்கையைக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி வேண்டும் என்றான். ஏழு மாதத்தில் அவனாகக் கேட்டுக் குடித்த முதல் வெளித் தேத்தண்ணி. இரண்டு சீனி போட்டுக் குடித்தான்.

தோட்டத்துப் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்ற மாடசாமி மாஸ்டர் சமாதான நீதவான். சத்தியக் கடதாசி எழுதுவது அவர்தான். தயாபரன் களைத்துப் போய் வீட்டுக்கு ஏற, அவள் மட்டும் மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். முழுக் கதையையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. லயத்தில் முதன்முதலாக ஒருவருக்குச் சொல்கிறாள். மாஸ்டர் எழுதுவதை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நம்ம கொழும்பு மாப்புளயா?"

"ஆமாங்க மாஸ்டர்."

"அடப்பாவி! என்கிட்டயே ரெண்டு தடவ கட்டடக் கத சொல்லியிருக்கான். சிமெந்து கலவ எவ்வளவுன்னு கேட்டேன், அதுக்கும் பதில் சொன்னானே!" சிரித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "போகட்டும். ஒரு காலம். சரி, சொல்லு. காயம் பட்ட பின்னால அவன மொத மொத எப்ப பாத்த?"

"அந்த வருசம் ஆவணில லீவுக்கு வந்தாரு."

"தழும்பு எந்தப் பக்கம்?"

அவள் கை தன் வயிற்றின் ஒரு பக்கம் போய், மறுபக்கம் மாறியது.

"வலப்பக்கமா, இடப்பக்கமா? நீளம் எவ்வளவு? ஒரு சாண் இருக்குமா? எத்தன?"

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. ஆவணியில் அவன் வந்தபோது ஒரே அறையான காம்பராவில் மாமியாரும் இரண்டு நாத்தனாரும் இருந்தார்கள். ஷெல் பட்டதையே விளக்கை அணைத்த பிறகுதான் காதோடு சொன்னான். காலையில் பார்த்தால் சட்டை பொத்தான் கழுத்து வரைக்கும். பீலியில் ஆம்பிளைகளெல்லாம் வெற்று மேலோடு குளிக்க, அவன் மட்டும் பனியன் போட்டுக்கொண்டு குளிப்பான். 'கொழும்பு தொரைக்கு வெக்கம்' என்று பெண்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். நாத்தனார்கள் கலியாணமாகிப் போன பின்னும், காம்பராவுக்கு நடுவில் சுவர் வைத்த பின்னும், அந்தப் பனியன் கழலவில்லை. கேட்க நினைத்திருக்கிறாள். ஒன்றிரண்டு தடவையில்லை. கை போகும், அவன் மெல்லப் பிடித்து நகர்த்திவிடுவான். அந்த நகர்த்தலில் கோபமில்லாததால்தான் அவளால் கேட்க முடியாமல் போனது. இந்த ஏழு மாதமாக, பை மாற்றச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

"தெரியலங்க மாஸ்டர்," என்றாள்.

மாஸ்டர் அவளைப் பார்க்காமல், டாக்டரின் அறிக்கையை இழுத்துக்கொண்டார். வயசானவர், நாலு வீட்டு வழக்குப் பார்த்தவர். "ஒண்ணும் பாதகமில்ல. இதுல விபரமா இருக்கு. பாத்து எழுதிக்கிறேன். நீ கையெழுத்து வச்சாப் போதும்."

பேனா கடதாசியைத் தொட்டது.

"எழுதாதீங்க மாஸ்டர்."

"ஏம்மா?"

"நான் என் கண்ணால பாத்தேன்னு தானே எழுதுவீங்க? பாக்காதத பாத்தேன்னு சத்தியம் பண்ணுனா, அதுவும் இன்னொரு கட்டடக் கததாங்க. ஒரு பொய்ய எடுக்கவே ஏழு மாசம் ஆச்சு."

மாஸ்டர் பேனாவை மூடினார். "நாளைக்குப் பதினெட்டு. காலைல எட்டு மணிக்குள்ள வந்துரு. பத்து மணி பஸ்ஸுல ஆள் கையிலயே குடுத்து அனுப்பிரலாம்."

லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் அங்கம்மா குந்தியிருந்தாள். "என்னடி, மாஸ்டர் வீட்டுல அவ்வளவு நேரம்? காணி எழுதுறியா?"

"நாளைக்குச் சொல்றேன் அங்கம்மாக்கா. பெரிய கத. தேத்தண்ணியோட ஒக்காந்து கேளு."

"நெசமாவா? சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

சொன்ன பிறகுதான், அதைச் சொல்ல முடிந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மணி நாலு இருக்கும். மழை விட்டு, எதிர்மலையில் வெயில் அடித்தது. ஜன்னலை முழுதாகத் திறந்து வைத்திருந்தார்கள். தயாபரன் உள் காம்பராவில் கட்டிலோரம் உட்கார்ந்து, பை மாற்றத் துணியெல்லாம் எடுத்து வைத்திருந்தான். அவள் வாளியில் சுடுதண்ணீரைக் கொண்டுபோய் வைத்தாள்.

"மாஸ்டர் எழுதிக் குடுத்துட்டாரா?"

"இல்ல. பாதியில நிக்குது."

"ஏன், என்ன கேட்டாரு?"

வழக்கமாக இந்த இடத்தில் அவள் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். அவனும் அதற்காகத்தான் காத்திருந்தான், சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி. அவள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே நின்றுகொண்டு சாத்தினாள்.

"சக்தி?"

"தழும்பு எந்தப் பக்கம்னு கேட்டாரு. எனக்குத் தெரியல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "டொக்டர் எழுதியிருக்குல்ல? அதப் பாத்து…"

"அவங்க பாத்தத அவங்க எழுதியிருக்காங்க."

கட்டிலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் கை சட்டைப் பொத்தான்மேல் போனபோது, பழைய வழக்கப்படி அவன் பிடித்தான். ஆனால் நகர்த்தவில்லை.

"பாக்குற மாதிரி இல்ல சக்தி. அசிங்கமா இருக்கும்."

"இருபத்தஞ்சு வருசம். புள்ள பெத்தோம், சண்ட போட்டோம், ஒங்க ஆத்தாவுக்குக் கொள்ளி வச்சோம். ஒண்ணு மட்டும் நான் ஒங்ககிட்ட கேட்டதே இல்ல. வாய் வரைக்கும் வரும், முழுங்கிருவேன்." பொத்தானிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "இப்ப கேக்குறேன். கடதாசிக்காக மட்டும் கேக்கல. சட்டையக் கழட்டுங்க. ஜன்னல் தொறந்தே இருக்கட்டும். ஒங்களுக்கு எங்கெங்க பட்டுச்சுன்னு நான் பாக்கணும்."